தொள்ளாயிரம் மில்லிமீட்டர்

துவாக்குடியில் ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ட்ராயிங் போடுகிறேன். பெரிய கொதிகலன்களுக்குப் போகும் சில்லறைப் பாகங்கள்தான் எங்கள் வேலை. ஒரு தகடு, அதில் பன்னிரண்டு துளை. ஒரு வளைந்த குழாய், அதற்கு ஒரு தாங்கி. அந்தத் தகடு எந்தக் கொதிகலனில் போய் உட்காருகிறது, அந்தக் கொதிகலன் எந்த ஊரில் எரிகிறது என்பதெல்லாம் எங்கள் மேஜைக்கு வந்து சேராத விஷயங்கள். இத்தனை வருடத்தில் ஒரு முழுக் கொதிகலனை நான் கண்ணால் பார்த்ததில்லை.

கம்பெனியில் ஓவர்டைம் நின்றுபோன வருடம்தான் எங்கள் பெண் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். கூடுதலாக ஏதாவது வருமானம் வேண்டும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது, என் மனைவிக்கும் தெரிந்திருந்தது. இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாமல் ஒரு மாதம் ஓட்டினோம்.

அந்தச் சமயத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய நண்பரைப் பார்த்தேன். முன்பு என் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர். பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

“இப்ப வீட்டுலேர்ந்தே கொஞ்சம் வேலை பாக்குறேங்க. ஆஸ்திரேலியாக்காரர் ஒருத்தருக்கு கார் ஷெட் வரைஞ்சு குடுத்தேன்” என்றார்.

“ஆளையும் பாக்கல, இடத்தையும் பாக்கல. எப்படிங்க வரையறது?”

“அவரும்தான் நம்மள பாக்கல. அளவு அனுப்புறாரு, போட்டோ அனுப்புறாரு. வரைஞ்சு அனுப்புறோம். அவ்ளோதான்.”

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த ‘அவ்ளோதான்’ எனக்குச் சரியாக இறங்கவில்லை. நானும் பார்க்காத பொருள்களைத்தான் வரைகிறேன். ஆனால் கொதிகலனுக்குள் யாரும் குடியிருப்பதில்லை. ஒருவர் நடமாடுகிற, படுத்துத் தூங்குகிற இடத்தை, அங்கே கால் வைக்காமல் எப்படி வரைவது? செய்து பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது. பணம் வேண்டும் என்ற நினைப்பைவிட இந்த நினைப்புத்தான் என்னை அன்று மாலையே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தது.

வெளிநாட்டுக்காரர்கள் வேலைக்கு ஆள் தேடும் இணையதளம் ஒன்றில் பதிவு செய்தேன். என்னைப் பற்றி எழுதச் சொன்னது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நான் படித்த ஐ.டி.ஐ., என் அனுபவம், எனக்குத் தெரிந்த மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி, மனைவியிடம் காட்டினேன். அவள் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் விற்பனையாளர். பதினாறு வருடமாக ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேசுகிறவள். பொறுமையாகப் படித்துவிட்டு, “எல்லாமே நான், நான்னு இருக்குங்க” என்றாள்.

“என்னைப் பத்தித்தானே கேக்குறாங்க?”

“கடைக்கு வர்றவங்ககிட்ட போயி, நான் பதினாறு வருசமா சேலை விக்கிறேன்னு சொன்னா அவங்களுக்கு என்ன வந்துச்சு? யார் கல்யாணம், எந்த ஊரு, பொண்ணு நல்ல உயரமான்னு நாம கேக்கணும். அவங்களுக்கு என்ன வேணும்னு நீங்க இதுல ஒரு வரி கூடக் கேக்கலயே.”

அழித்துவிட்டு நான்கு வரி எழுதினேன். உங்கள் வீட்டில் எதை மாற்ற நினைக்கிறீர்கள், ஏன் மாற்ற நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், வரைந்து தருகிறேன் என்பதுதான் அதன் சாரம். ‘ஏன்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் அவள்தான்.

மாதிரிக்குச் சில வீட்டு ட்ராயிங்குகள் போட வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தவை தகடுகளும் குழாய்களும். ஆகவே நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டையே அளப்பது என்று முடிவு செய்தேன். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் முன்னும் பின்னுமாக நீண்டு கிடக்கும் பழைய வீடு. கீழே வீட்டுக்காரர், மாடியில் நாங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பின் ஒரு முனையை மனைவி பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, வாசலில் இருந்து ஆரம்பித்தோம்.

வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு தனியாக இருக்கிறார். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர், எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்ன சார், எதுக்கு அளக்கறேள்? நான் ஆத்தை விக்கப் போறேன்னு யாராவது சொன்னாளா?”

“அதெல்லாம் இல்ல மாமா, இவரு படம் வரையக் கத்துக்குறாரு” என்றாள் மனைவி.

“இருபது வருஷமா வரையறார்னு சொன்னியேம்மா?”

“அது இரும்பு மாமா. இது வீடு.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் உள்ளே வந்து பூஜை அறை வரைக்கும் அளக்க விட்டார். டேப் அவருடைய சமையலறைக்குள் போனபோது தானாகவே ஒரு முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை வரைய உட்கார்ந்தால் கணக்கு இடித்தது. உள்ளே உள்ள அறைகளின் அளவைக் கூட்டினால், வெளியே அளந்த நீளத்தைவிட ஏழடி குறைந்தது. காரணம் சுவர்கள். முன்பக்கச் சுவர் மட்டுமே ஒன்றரை அடி கனம். சுவருக்குக் கனம் உண்டு என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் இரும்புத் தகட்டில் கனம் என்பது பத்து மில்லிமீட்டர், பன்னிரண்டு மில்லிமீட்டர். மனிதர்கள் தங்கள் வீட்டில் ஏழடியைச் சுவருக்கே கொடுத்துவிட்டு வாழ்கிறார்கள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. அதிலிருந்து எந்த வீட்டை வரைந்தாலும் உள்ளே ஒரு கூட்டல், வெளியே ஒரு கூட்டல் போட்டு இரண்டையும் ஒட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

மாதிரிகளைப் போட்ட பிறகு ஒன்றரை மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வேலை கேட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. அப்புறம் முதல் வேலை வந்தது. அயர்லாந்தில் ஒருவருக்குக் கோழிக்கூண்டு. நான் சிரிக்கவில்லை. எத்தனை கோழி, முட்டை எடுக்க யார் குனிவார்கள், நரி வருமா என்று கேட்டு எழுதினேன். நரி வரும் என்றும், முட்டை எடுப்பது ஏழு வயதுப் பேத்தி என்றும் பதில் வந்தது. பேத்தியின் கைக்கு எட்டும் உயரத்தில் கதவு வைத்து வரைந்தேன். அந்தத் தாத்தா எழுதிய நல்ல நாலு வார்த்தைகள் இணையதளத்தில் என் பெயருக்குக் கீழே ஏறின. அதைப் பார்த்துத்தான் நியூசிலாந்தில் இருந்து ஒரு பெண் எழுதினாள் என்று பிறகு தெரிந்தது.

அவள் அந்நாட்டின் தெற்குத் தீவில் ஒரு சிறிய ஊரில் செவிலியர். ஐம்பது வயதுக்கு மேல். நூறு வருடம் பழைய மரவீடு ஒன்றைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கியிருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து இவள் வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டில் குளியலறையும் கழிப்பறையும் இருப்பது மாடியில். அம்மாவால் மாடி ஏற முடியாது. ஒரு நாற்காலிக் கழிப்பறையை வைத்துச் சமாளிக்கிறார்கள். ‘அம்மா அதை வெறுக்கிறார், நான் செவிலியராக இருப்பதால் கூடுதலாக வெறுக்கிறார்’ என்று எழுதியிருந்தாள்.

கீழ்த்தளத்தில் ஒரு குளியலறைக்கு இடம் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே உள்ள தச்சர் வந்து பார்த்துவிட்டு இடமே இல்லை, வெளியே புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பெரிய செலவும் அனுமதியும் வேண்டும். முதலில் இருக்கிற வீட்டைச் சரியாக ஒரு ட்ராயிங்காகப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது அவள் யோசனை. கையால் வரைந்த படம், அதில் அவளே அளந்து எழுதிய அளவுகள், நாற்பது போட்டோக்கள், எல்லாம் அனுப்பினாள்.

காலை நாலரைக்கு எழுந்து, பஸ்ஸுக்குப் புறப்படும்வரை இந்த வேலை. நமக்கு ஐந்து மணி என்றால் அங்கே பதினொன்றரை. நான் கேள்வி அனுப்பினால் அவள் உடனே பதில் அனுப்ப முடியும். அந்த வீட்டை நான் வரைந்த விதமே வேடிக்கையாக இருந்தது. ஒரு ஜன்னலை வரைவேன். அந்த ஜன்னலில் போட்டோவில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும் துணி, வாசலில் கிடக்கும் சேறு படிந்த ரப்பர் பூட்ஸ், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே சுவர்க்கோடு போடுவேன். வாசல் பூட்ஸ் மூன்று ஜோடி இருந்தது. அம்மாவும் பெண்ணும் இரண்டே பேர். மூன்றாவது யாருடையது? கேட்கக் கூடாது என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

மூன்றாவது நாள் கூட்டல் ஒட்டவில்லை.

வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று சமையலறை, மற்றது தையல் அறை. வெளியே அந்தப் பின்சுவரின் நீளம் எட்டாயிரம் மில்லிமீட்டர். உள்ளே சமையலறை மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது, தையல் அறை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மரச்சுவர்கள் மூன்று, ஒவ்வொன்றும் நூற்றைம்பது. எல்லாம் சேர்த்தால் ஏழாயிரத்து நூறுதான் வருகிறது. தொள்ளாயிரம் மில்லிமீட்டர் காணோம். கிட்டத்தட்ட மூன்றடி.

நம் உத்திர வீதி வீடாக இருந்தால் சுவர் தின்றுவிட்டது என்று விட்டுவிடலாம். அது மரவீடு. மரச்சுவர் மூன்றடி கனம் இருக்காது. அளவு தப்பாக இருக்க வேண்டும். ஆனால் வீட்டின் மற்ற எல்லாப் பக்கமும் பத்து மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் ஒட்டியிருந்தது. மருந்தை அளந்து பழகியவள் டேப் பிடித்த கை அது.

அன்று கம்பெனி போகும் பஸ்ஸில் இதே நினைப்பு. துவாக்குடியில் இறங்காமல் அடுத்த நிறுத்தம்வரை போய், வெயிலில் திரும்பி நடந்தேன்.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். “அளவு தப்புன்னு எழுதிடவா?”

“ஐயோ, அப்படி எழுதாதீங்க. பிளவுஸ் அளவு தப்புன்னு எந்தப் பொம்பளகிட்டயாவது நேரா சொல்லிப் பாருங்க. ‘எதுக்கும் இன்னொரு தடவ பாத்துக்கலாமா’ன்னு கேக்கணும்.”

அப்படியே கேட்டேன். கூடவே, அந்த இடத்தில் புகைபோக்கி ஏதாவது வருகிறதா என்று கூரையைக் காட்டும் போட்டோ ஒன்றும் கேட்டேன். மறுநாள் பதில். பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மறுபடி அளந்திருக்கிறாள். அதே எண்கள். கூரையில் அந்த இடத்தில் புகைபோக்கி இல்லை. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: ‘நீங்கள் கேட்ட பிறகு அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். அம்மா மறுபக்கத்தில் இருந்து தட்டினார். இரண்டு பக்கமும் வெறுமையான சத்தம். அங்கே என்ன இருக்கிறது?’

அங்கே என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தவள், ஏழாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னைக் கேட்கிறாள். எனக்குச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது. உடைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். உள்ளே மின்கம்பி ஓடினால்? தண்ணீர்க் குழாய் இருந்தால்? மாடியின் எடை அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தால்? பார்க்காத வீட்டுக்கு நான் ஏதாவது சொல்லப்போய், அந்த அம்மாவின் தலையில் கூரை இறங்கினால் என்ன செய்வது? ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, உங்கள் தச்சரையே கூப்பிடுங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு தட்டு அகலத்துக்கு மட்டும் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், நான் சொன்னேன் என்பதற்காகச் செய்ய வேண்டாம், அவர் சரி என்றால் மட்டும் என்று எழுதினேன். தச்சர் சனிக்கிழமை வருவதாகப் பதில் வந்தது. ‘நீங்களும் வீடியோ காலில் இருக்க வேண்டும். இது உங்கள் ஓட்டை’ என்று எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. அங்கே மதியம் பன்னிரண்டரை. மனைவி என்னைச் சட்டை போட வைத்தாள், கீழே வேட்டிதான். அவளும் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, படத்தில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். கீழ்வீட்டு மாமாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. காபி டம்ளரோடு மாடிக்கு வந்துவிட்டார்.

“ஆரம்பிச்சுட்டாளா?”

“இப்பத்தான் மாமா. உக்காருங்க.”

திரையில் நான் வரைந்த சமையலறை தெரிந்தது. அது எனக்கு ஒரு விசித்திரமான நிமிடம். அந்த அடுப்பு எங்கே இருக்கும், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வெளிச்சம் இவ்வளவு சாம்பலாக இருக்கும் என்று தெரியாது. அங்கே குளிர்காலம். அம்மா கம்பளி போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வெளேரென்ற குட்டை முடி. என்னைப் பார்த்துக் கையசைத்து, “அளவுக்காரர் இவர்தானா?” என்று மகளிடம் கேட்டார்.

தச்சர் அறுபது வயதுக்காரர். சுவரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். சின்ன ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தார். மரத்தூள் விழுந்தது. வட்டம் பெயர்ந்து கையோடு வந்ததும் அவர் டார்ச்சை உள்ளே விட்டு, முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்ன இருக்கிறது?” என்றாள் மகள்.

“நீயே பார்” என்று நகர்ந்துகொண்டார்.

அவள் பார்த்தாள். பிறகு போனை அந்த ஓட்டைக்குள் நீட்டினாள். முதலில் இருட்டு. பிறகு டார்ச் வெளிச்சம் ஒரு படியில் விழுந்தது. அதற்கு மேல் இன்னொரு படி. செங்குத்தான, குறுகலான மரப்படிகள் ஏறிப் போய், மேலே பலகையில் முட்டி நின்றன. பக்கச் சுவரில் மஞ்சள் பூப் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. வெயிலே படாததால் நேற்று ஒட்டியதுபோல் அத்தனை மஞ்சள். படிகளின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து பள்ளமாக இருந்தது.

“பொக்கிஷம் ஒண்ணும் இல்லையா?” என்று மாமா என் காதோரம் கேட்டார்.

“படிதான் மாமா இருக்கு.”

“படியா? எங்க போறது?”

“எங்கயும் போகல. மேல அடைச்சிருக்கு.”

“எங்கயும் போகாத படிக்கு அத்தனை பூவா!” என்றார்.

அந்தக் காலத்தில் வேலைக்காரப் பெண் மாடியில் தூங்கப் போக இப்படித் தனிப்படி வைப்பார்கள், பிறகு வேலைக்காரர்கள் இல்லாமல் போனதும் யாரோ அடைத்திருப்பார்கள் என்று தச்சர் சொன்னார். அது அவருடைய ஊகம்தான். படியைப் பிரித்து எடுக்காமல் அப்படியே மூடியது அவருக்கும் விசித்திரமாக இருந்தது. எனக்கு அந்தத் தேய்ந்த பள்ளத்தின் மேல்தான் கண். மரத்தை அவ்வளவு தேய்க்க எத்தனை வருடம், எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்க வேண்டும்?

அம்மா தானும் பார்க்க வேண்டும் என்றார். மகள் வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை. நான்கு கால் நடைதாங்கியைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூன்று முயற்சியில் எழுந்தார். ஓட்டைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். “நல்லவேளை” என்றார், “என்னை இதில் ஏறச் சொல்ல மாட்டீர்கள்.” மகள் சிரித்தாள். தச்சரும் சிரித்தார்.

என் மனைவி சிரிக்கவில்லை. அழைப்பு முடிந்ததும் என்னிடம் கேட்டாள்: “அந்த அம்மா எந்திரிச்சதப் பாத்தீங்களா? வலது கையத்தான் ஊனுறாங்க. இடது கைய மடியில வச்சுக்கிட்டாங்க. ஏன்?”

நான் கவனிக்கவில்லை. கேட்டு எழுதினோம். விழுந்தபோது இடது மணிக்கட்டும் முறிந்ததாம். இப்போதும் அந்தக் கையில் பிடி இல்லை. ‘இதை நான் யாரிடமும் சொல்ல மறந்துவிட்டேன், யாரும் கேட்கவும் இல்லை’ என்று பதில் வந்தது.

தச்சரும், அந்த ஊர் இன்ஜினியர் ஒருவரும் வந்து பார்த்தார்கள். அந்தப் படியின் மேலும் அதன் சுவர்களின் மேலும் எந்த எடையும் உட்காரவில்லை என்றார்கள். தொள்ளாயிரம் மில்லிமீட்டர் அகலம் ஒரு குளியலறைக்குப் போதாது. ஆனால் தையல் அறையில் இருந்து இன்னும் எழுநூறு எடுத்துக்கொண்டால், நடைதாங்கியோடு உள்ளே திரும்ப முடிகிற ஓர் அறை கிடைக்கும். வெளியே கட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதை வரையும் வேலையையும் எனக்கே கொடுத்தாள்.

கைப்பிடிக் கம்பிகளை எங்கே வைப்பது என்பதற்கு இணையத்தில் அளவுகள் கிடைத்தன. இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருந்தன. மனைவி, “அந்த அம்மா உயரம் என்ன?” என்று கேட்டாள். கேட்டு வாங்கினோம். கிட்டத்தட்ட இவள் உயரம்தான். எங்கள் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அவளை உட்கார வைத்தேன். இடது கையைத் துப்பட்டாவால் உடம்போடு கட்டிக்கொண்டாள். வலது கையால் மட்டும் எழுந்து பார்த்தாள். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். “இன்னும் கீழ... இல்ல, இப்ப தோள்பட்டை இழுக்குது... கொஞ்சம் முன்னாடி.” ஏழெட்டுக் கோடு போட்ட பிறகு ஒரு இடம் அமைந்தது. ஷவர், சோப்பு, துண்டு எல்லாமே வலது கைக்கு வருகிற மாதிரி மொத்த அறையையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வரைந்தேன். கதவு உள்ளே திறக்காமல் பக்கவாட்டில் நகருமாறு வைத்தேன். உள்ளே யாராவது விழுந்தால் கதவைத் திறக்க முடியாமல் போகக் கூடாது என்று மகள் சொன்னாள். செவிலியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எல்லாம் முடிய நான்கு மாதம் ஆனது. இடையில் ஒரு தவறும் நடந்தது. கம்பியின் உயரத்தைத் தரையில் இருந்து கொடுத்திருந்தேன். அவர்கள் தரை ஓடு பதிப்பதற்கு முன் இருந்த தரையில் இருந்து அளந்து மாட்டிவிட்டார்கள். ஓட்டின் கனத்துக்குக் கம்பி தாழ்ந்துவிட்டது. தவறு என்னுடையதுதான், எந்தத் தரை என்று நான் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். தச்சர் கழற்றி மறுபடி மாட்டினார். அதிலிருந்து என் எல்லா ட்ராயிங்கிலும் ‘முடிந்த தரையிலிருந்து’ என்று எழுதுகிறேன், கோழிக்கூண்டாக இருந்தாலும்.

இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். காலை நேரத்து வேலை ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. வருகிறவற்றில் பாதி இந்த மாதிரிக் குளியலறைகள்தான். முழங்கால் தேய்ந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், அவர்களுடைய மகன்கள், மகள்கள். கேள்விகளை என் மனைவிதான் தயார் செய்கிறாள். எந்தக் கையால் எழுவார்கள், கண்ணாடி போடாமல் குளிக்கும்போது எது தெரியாது, யார் முன்னால் கூச்சப்படுவார்கள். ஆங்கிலத்தில் அதை எழுதுவது மட்டும் என் பொறுப்பு. கீழ்வீட்டு மாமாவின் குளியலறையிலும் ஒரு கம்பி மாட்டியிருக்கிறோம். அவர் கேட்டு அல்ல. அவர் வழுக்கி விழப் பார்த்த சத்தம் மாடியில் இருந்த மனைவிக்குக் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பியோடு போய் நின்றோம். “எனக்கெதுக்கு?” என்று சொல்லிக்கொண்டே இடத்தைக் காட்டினார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நியூசிலாந்தில் இருந்து வீடியோ கால் வந்தது. மகள் இல்லை, அம்மாவே தனியாகக் கூப்பிட்டிருந்தார். குளியலறைக் கதவை ஒரு விரலால் நகர்த்திக் காட்டினார். மஞ்சள் பூக்காகிதத்தில் ஒரு துண்டைச் சட்டம் போட்டுக் கழிப்பறைக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தார். பிறகு, “என் வீட்டை நீங்கள் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டீர்கள். உங்கள் வீட்டை நான் பார்க்க வேண்டாமா?” என்றார்.

நான் போனைத் திருப்பி அறையைக் காட்டப் போனேன். அது இல்லை என்றார். அவர் மடியில் இன்னொரு திரை இருந்தது. வரைபடத்தில் ஸ்ரீரங்கத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். “இரண்டு ஆறு, நடுவில் ஒரு தீவு, அதன் நடுவில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. இதை யார் வரைந்தது? இதில் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறீர்கள்?”

கோயில் என்றேன். மதில்கள் என்றேன். ஏழு என்றேன். எத்தனை வருடம் என்று கேட்டதற்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அழைப்பு முடிந்ததும் என் போனில் அதே படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம், நானும் மனைவியும். மேலிருந்து பார்க்கும் ஸ்ரீரங்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனேன். கோபுரம், வீதி, தண்ணீர்த் தொட்டிகள், தகரக் கூரைகள்.

“இதோ, இது நம்ம மாடி. கொடிக்கயிறு தெரியுது பாருங்க” என்றாள் மனைவி.

மாமா படியேறி வந்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு, போனை வாங்கிப் பார்த்தார்.

“இது பக்கத்தாத்து மாடின்னா! நம்மாத்துத் தொட்டி கறுப்பு. இது நீலம்.”

“அந்தப் போட்டோ எடுத்தப்போ நீலமா இருந்திருக்கும் மாமா” என்றேன்.

“எப்போ எடுத்தான்?”

மூவரும் படத்தையும் பக்கத்து மாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.